தெர்மலை மூடினால் அந்த இடத்தில் என்ன வரும்?

வந்த கேள்வி இது: “பிரிட்டன் 2024இல் கடைசி நிலக்கரி மின் நிலையத்தையும் மூடிவிட்டது. நாமும் எண்ணூரை மூடினோம், நெய்வேலியில் முதல் நிலையத்தை மூடினோம். மூடியதற்குப் பதிலாக அவர்களுக்கு என்ன கிடைத்தது, நமக்கு என்ன கிடைத்தது? இவ்வளவு காற்றாலையும் சோலாரும் உள்ள தமிழ்நாட்டில் மீதியையும் மூட ஏன் தயங்குகிறார்கள்? என் வீட்டுக் கூரையில் சோலார் போட்டால் இதற்கு ஏதாவது உபயோகம் உண்டா?”

நான் பல வருடம் ஒரு அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் பார்த்தவன். அதனால் கரி மேல் கொஞ்சம் பாசமும் நிறைய கோபமும் உண்டு, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். இன்னொன்று: எங்களுக்கு ‘யூனிட்’ என்றால் ஒரு பாய்லர், ஒரு டர்பைன், ஒரு ஜெனரேட்டர் சேர்ந்த தொகுதி. உங்களுக்கு யூனிட் என்றால் ஈபி பில்லில் வருவது. குழப்பம் வேண்டாம், இங்கே அந்தத் தொகுதியை ‘செட்’ என்றே எழுதுகிறேன்.

பிரிட்டனில் கரியின் இடத்தை ஐந்தாறு பேர் சேர்ந்து பங்கு போட்டுக்கொண்டார்கள். எண்ணூரிலும் நெய்வேலியிலும் பழைய கரி போய்ப் புதிய கரி வந்தது. சுருக்கமாகக் கேட்டால் பதில் இவ்வளவுதான். ஏன் அப்படி என்பதற்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

1882 ஜனவரியில் லண்டன் ஹோல்பன் வயடக்டில் எடிசனின் ஆட்கள் ஒரு நீராவி மின் நிலையத்தை ஓட்டத் தொடங்கினார்கள். பொதுமக்களுக்கு மின்சாரம் கொடுத்த முதல் நிலக்கரி நிலையம் அதுதான். 142 வருடம் கழித்து, 2024 செப்டம்பர் 30 அன்று, நாட்டிங்காம்ஷயரில் ராட்கிளிஃப்-ஆன்-சோர் நிலையம் நின்றது. 500 மெகாவாட் செட் நான்கு, எட்டு குளிர்விப்புக் கோபுரங்கள். அதோடு அந்த நாட்டில் கரியில் மின்சாரம் எடுப்பது முடிந்தது.

ஒரே நாளில் மூடிவிட்டதுபோலச் செய்தி வந்தாலும், நடந்தது நீண்ட கதை. 1990களில் வடகடல் எரிவாயு கரியை முதலில் தள்ளியது. அப்படியும் 2012இல் பிரிட்டனின் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் கரியிலிருந்துதான் வந்தது. 2013இல் கார்பனுக்கு, அதாவது நிலையங்கள் விடும் கரியமில வாயுவுக்கு, ஒரு அடிவிலை வைத்தார்கள். அதற்கான வரி டன்னுக்கு 18 பவுண்டு வரை ஏறியது. கரி நிலையம் ஒரு யூனிட்டுக்கு எரிவாயு நிலையத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கரியமில வாயு விடும் என்பதால், அந்த வரி கரியின் கழுத்தை மட்டும் இறுக்கியது. 2016இல் கரியின் பங்கு 9 சதவீதம். 2017 ஏப்ரல் 21, நாள் முழுக்கக் கரியே எரிக்காத முதல் நாள். 2023இல் பங்கு 1 சதவீதம். ராட்கிளிஃப் மூடியபோது உண்மையில் அங்கே மூடுவதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை.

அந்த இடத்துக்கு வந்தவர்கள் யார்? எரிவாயு, அடுத்து கடலுக்குள் நிறுத்திய காற்றாலைகள். 2024இல் காற்று மட்டும் ஏறத்தாழ 30 சதவீதம், எரிவாயுவும் கிட்டத்தட்ட அதே அளவு. பிறகு பழைய அணு நிலையங்கள், கொஞ்சம் சோலார். கடலடியில் கேபிள் போட்டு பிரான்ஸ், நார்வே, டென்மார்க்கிலிருந்து வாங்கும் மின்சாரம். நார்வே கேபிளின் நீளம் 720 கிலோமீட்டர், திறன் 1,400 மெகாவாட். டிராக்ஸ் நிலையத்தின் ஆறு செட்டில் நான்கைக் கரியிலிருந்து மரத்துகளுக்கு மாற்றினார்கள். அமெரிக்கக் காடுகளிலிருந்து கப்பலில் வரும் மரத்தை எரித்துவிட்டு அதைப் ‘பசுமை’க் கணக்கில் எழுதுவது என் கண்ணுக்குக் கணக்கப்பிள்ளை வேலையாகத்தான் படுகிறது.

இந்தப் பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஒருவர் உண்டு: தேவை குறைந்தது. 2005ஐ ஒட்டி உச்சத்தில் இருந்த பிரிட்டனின் மின்தேவை பிறகு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. தொழிற்சாலைகள் போயின, எல்ஈடி வந்தது, ஃப்ரிட்ஜுகள் மேம்பட்டன. மூடிய கரி நிலையங்களில் ஒரு பகுதிக்கு மாற்றே தேவைப்படவில்லை. இதை விட்டுவிட்டு ‘அவர்களால் முடிந்தது, நம்மால் ஏன் முடியாது’ என்று கேட்டால் கணக்கு உதைக்கும். நமக்குத் தேவை ஏறிக்கொண்டே போகிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஒவ்வொரு கோடையிலும் எத்தனை வீடுகளில் புதிதாக ஏசி மாட்டுகிறார்கள் என்பதை உங்கள் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

இப்போது நம் கதை. எண்ணூர் நிலையம் 1970களின் முதல் பாதியில் வந்தது. 60 மெகாவாட்டில் இரண்டு செட், 110 மெகாவாட்டில் மூன்று, மொத்தம் 450. 2017 மார்ச் 31இல் மூடினார்கள். காற்றுக் கெடுகிறது என்பதற்காக மூடினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கெட்டது உண்மை, கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிந்த சாம்பலை அந்தப் பக்கத்து மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் செட்டுகளுக்கு வயதாகிவிட்டது என்பதும் காரணம். அந்தக் காலத்து செட்டில் எரியும் கரியின் வெப்பத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகும். மிக அதிக அழுத்தத்திலும் வெப்பத்திலும் நீராவி ஓடும் இன்றைய ‘சூப்பர்கிரிட்டிகல்’ செட்டில் 40 சதவீதத்தை நெருங்கும். அதனால் அதே வட்டாரத்தில் வடசென்னை மூன்றாம் நிலை 800 மெகாவாட்டில், ஒரே செட்டாக வந்தது. 2024 மார்ச்சில் தொடங்கிவைத்தார்கள். ஒரு யூனிட்டுக்குக் கரி குறைவு, மொத்தத்தில் கரி கூடுதல்.

நெய்வேலியிலும் இதேதான். சோவியத் உதவியோடு கட்டி 1962இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம், 600 மெகாவாட், 2020இல் ஓய்வுபெற்றது. பக்கத்திலேயே 500 மெகாவாட்டில் இரண்டு செட்டோடு புதிய நிலையம். எரிபொருள் அதே பழுப்பு நிலக்கரி.

‘காற்றும் வெயிலும் இருக்க, ஏன் மறுபடி கரி?’ என்பதுதான் உங்கள் கேள்வியின் நெஞ்சு. கரி செட் ஒன்று கிரிட்டுக்கு, அதாவது எல்லா நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் மின்வலைக்கு, ஒரே பொருளைத் தருவதில்லை, மூன்று நான்கு பொருளைச் சேர்த்துத் தருகிறது. நாம் யூனிட்டை மட்டும் எண்ணிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறோம்.

யூனிட் கணக்கையே முதலில் போடுவோம். தூத்துக்குடியில் 210 மெகாவாட் செட் ஐந்து உண்டு, முதலாவது 1979இல் வந்தது. அதில் ஒன்றை மூடுகிறோம் என்று வையுங்கள். 80 சதவீதம் லோடில் ஓடினால் நாளுக்குச் சுமார் 40 லட்சம் யூனிட். நம் ஊர் வெயிலில் 1 மெகாவாட் சோலார் நாளுக்கு 4,400 யூனிட் அளவுக்குத் தரும். ஆக, அந்த ஒரு செட்டுக்கு ஈடாக 900 மெகாவாட் சோலார் வேண்டும். கமுதி சோலார் நிலையத்தில் 648 மெகாவாட்டுக்குச் சுமார் 2,500 ஏக்கர் ஆனது. அதே விகிதத்தில் இதற்கு 3,500 ஏக்கர். பெரிய எண்தான், ஆனால் ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்துக் கரிசலில் முடியாத எண் இல்லை. யூனிட்டுக்கு ஆகும் விலையிலும் புதிய சோலார் புதிய கரியைவிட எப்போதோ மலிவாகிவிட்டது. யூனிட் மட்டும்தான் கேள்வி என்றால் இந்தப் பதிலை இங்கேயே முடித்துவிடலாம்.

இரண்டாவது பொருள், கேட்ட நேரத்தில் கிடைப்பது. சிக்கல் சாயங்காலம் ஆரம்பிக்கிறது. மதியம் ஒரு மணிக்கு மாநிலத்தில் சோலார் வெள்ளமாக வருகிறது. ஆறரை மணிக்கு அது பூஜ்யம். அதே ஆறரை மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு, டிவி, மிக்சி, சற்று நேரத்தில் ஏசி. அந்த ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான மெகாவாட்டை வேறு எங்கிருந்தோ ஏற்றியாக வேண்டும். எந்த நிலையம் எவ்வளவு தர வேண்டும் என்று சொல்லும் லோடு டெஸ்பாட்ச் சென்டரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் நேரம் அது. இதற்காகக் கரி செட்டைப் பகலில் இறக்கி மாலையில் ஏற்றுகிறார்கள். பழைய செட்டைப் பாதி லோடுக்குக் கீழே இறக்கினால் நெருப்பு தள்ளாடும், அணையாமல் இருக்க ஆயில் ஊற்ற வேண்டும். தினமும் சூடாக்கி ஆறவைத்தால் பாய்லர் குழாய்கள் சோர்ந்து ஓட்டை விழும். டியூப் லீக் என்று ஒரு முறை நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் போய்விடும்.

இந்த இடத்தில் கரிக்காரர்களின் பெருமை ஒன்றையும் குறைத்துவிடுகிறேன். ‘கரி எப்போதும் கைகொடுக்கும்’ என்பார்கள். ஐப்பசி மழையில் வந்து பாருங்கள். யார்டில் நனைந்த கரி சேறாகி பங்கர் என்கிற இரும்புத் தொட்டியில் ஒட்டிக்கொள்ளும், கரியைப் பொடியாக்கும் மில்லுக்கு இறங்காது. இரண்டு பேர் சம்மட்டியால் பங்கரின் இரும்பு வயிற்றை விடியும்வரை அடித்துக்கொண்டே இருப்பார்கள். மேலே கண்ட்ரோல் ரூமில் நாங்கள் 210 மெகாவாட்டில் இருந்து 130க்கு விழுந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்போம். தொலைபேசியில் டெஸ்பாட்ச் கத்தும். ஒரு கார்த்திகையில் அப்படி மூன்று ராத்திரி ஓடியது. அடித்தவர்களின் உள்ளங்கையைப் பார்த்த பிறகு ‘நம்பகமான எரிபொருள்’ என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

அடுத்த பொருள் கண்ணுக்குத் தெரியாதது. வீட்டில் கிரைண்டரை அணைத்தவுடன் கல் சட்டென்று நிற்கிறதா? நாலைந்து சுற்று போய்த்தான் நிற்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும், பல பத்து டன் எடையுள்ள டர்பைனும் ஜெனரேட்டரும் அப்படித்தான். எங்கோ ஒரு பெரிய லைன் அறுந்தால், நாடு முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கும் இந்தக் கனம்தான் முதல் சில விநாடிகளுக்கு கிரிட்டைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த அவகாசத்தில் மற்ற நிலையங்கள் கை நீட்டும். இந்தச் சுழற்சி வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதுதான் அதிர்வெண், மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண்ணிக்கை. நம் கிரிட்டில் அது 49.90க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் நடுவே நிற்க வேண்டும். சோலார் தகட்டில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. இன்றைய காற்றாலைகளும் பெரும்பாலும் இன்வெர்ட்டர் வழியாகத்தான் கிரிட்டோடு பேசுகின்றன.

சுற்றும் கனம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை பிரிட்டன் 2019 ஆகஸ்ட் 9 சாயங்காலம் ஓரளவு பார்த்தது. ஒரு லைனில் மின்னல் அடித்தது. அடுத்த சில விநாடிகளில் ஹார்ன்சீ கடல் காற்றாலையும் லிட்டில் பார்ஃபோர்ட் எரிவாயு நிலையமும் ஒன்றன்பின் ஒன்றாக உற்பத்தியை இழந்தன. சிதறிக் கிடந்த சிறு உற்பத்தியாளர்கள் பலரும் தாமாகக் கழன்றுகொண்டார்கள். அதிர்வெண் 48.8 வரை விழுந்தது. சுமார் 11 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, ரயில்கள் வழியில் நின்றன. முக்கால் மணி நேரத்தில் மின்சாரத்தைத் திருப்பிவிட்டார்கள். காற்றாலையை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, எரிவாயுவும் சேர்ந்தே விழுந்தது.

அதற்கு மருந்தும் கண்டுபிடித்தார்கள். வேல்ஸில் டீசைட் எரிவாயு நிலையத்தின் ஜெனரேட்டரை, எரிபொருள் எதுவும் எரிக்காமல், கிரிட்டிலிருந்தே கொஞ்சம் மின்சாரம் வாங்கிச் சும்மா சுற்றவிடுகிறார்கள். யூனிட் எதுவும் தராது. சுற்றிக்கொண்டிருப்பதற்கே சம்பளம்! கேட்டால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் மூடிய கரி நிலையத்துக்கு எந்த ஊரிலும் கொடுக்கக்கூடிய மிக மலிவான மறுவாழ்வு இதுதான் என்று நினைக்கிறேன். நம் பழைய 210 செட்டுகள் சிலவற்றில் பாய்லரைக் கழற்றிவிட்டு ஜெனரேட்டரை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சாயங்காலத்துக்கு என்ன வழி? பேட்டரி ஒன்று. மேலே சொன்ன அதே 210 மெகாவாட்டை மாலை ஆறு முதல் பத்து வரை தர 8.4 லட்சம் யூனிட் சேமிக்கும் பேட்டரி வேண்டும். விலை இறங்கிக்கொண்டே வருவதால் இது இனி நடக்கும் காரியம். இன்னொன்று நம்மிடமே பழசாக இருக்கிறது: காடம்பாறை. ஆனைமலையில் 400 மெகாவாட், 1987லிருந்து ஓடுகிறது. மேலே ஒரு அணை, கீழே மேல் ஆழியாறு அணை, நடுவே மலைக்குள் குடைந்த மின் நிலையம். மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்று, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடு. கட்டிய காலத்தில் ராத்திரி மிஞ்சும் தெர்மல் மின்சாரத்தில் ஏற்றுவது திட்டம். இன்று மிஞ்சுவது நண்பகல் சோலார். அதே எந்திரம், கடிகாரத்தை மட்டும் திருப்பிக்கொண்டால் போதும். நீலகிரியில் குந்தாவில் இதேபோல 500 மெகாவாட்டுக்கு வேலை வருடக்கணக்கில் நடக்கிறது. முன்பே முடித்திருந்தால் இன்று எத்தனையோ ராத்திரிகளில் வெளிச்சந்தையில் அடித்துப்பிடித்து மின்சாரம் வாங்கியிருக்க வேண்டாம்.

பேட்டரியும் காடம்பாறையும் ஒரு நாளுக்குள் நடக்கும் ஏற்ற இறக்கத்துக்கு உதவும். ஒரு பருவத்துக்கு உதவாது. மாநிலத்தில் காற்றாலை 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய உடுமலை, பல்லடம் பக்கமும் காற்று வைகாசியில் கிளம்பி, ஆடியில் அம்மியைத் தூக்கி, புரட்டாசியோடு அடங்கிவிடும். தை, மாசியில் காற்றாடிகள் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும். ஆடியில் மிஞ்சியதை மாசிக்கு எடுத்துவைக்கும் பேட்டரி இன்னும் எந்தக் கடையிலும் இல்லை. பிரிட்டனில் குளிர்காலத்தில் காற்று அடிக்கும், தேவையும் அப்போதுதான் உச்சம், பருவம் ஒத்துப்போகிறது. நமக்குத் தேவை உச்சத்தைத் தொடும் பங்குனி, சித்திரையில் காற்று இன்னும் கிளம்பியே இருக்காது.

இந்தக் காரணங்களால்தான் மத்திய மின்சார ஆணையம் 2023 ஜனவரியில், 2030 வரை கரி செட் எதையும் மூட வேண்டாம் என்று சொன்னது. எச்சரிக்கை புரிகிறது. ஆனால் ‘மூடாதே’ என்பதும் ‘நாள் முழுக்க எரி’ என்பதும் ஒன்றல்ல. என்னைக் கேட்டால் பழைய செட்டுகளை ஆனி முதல் ஆவணி வரை முழுசாக நிறுத்திவைக்கலாம், மாசி முதல் சித்திரை வரை எழுப்பலாம். ஆளையும் உதிரி பாகத்தையும் தயாராக வைத்திருக்கப் பணம் தர வேண்டும். யூனிட்டுக்கு மட்டும் காசு என்றால் எவனும் நிறுத்திவைக்க மாட்டான். புதிதாகக் கரி செட் கட்டுவதற்குச் சொல்லும் காரணங்களில் பாதி, இந்த ஏற்பாட்டில் கரைந்துவிடும்.

நெய்வேலிக்கு மட்டும் இன்னொரு கணக்கு இருக்கிறது. பெரும்பாலோர் அதைப் பேசுவதே இல்லை. அங்கே சுரங்கம் தோண்ட வேண்டுமானால் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் பம்பை நிறுத்தினாலும் சுரங்கத்துக்கு ஆபத்து. அந்த நீர் வாலாஜா ஏரிக்கும் வயல்களுக்கும் பாய்கிறது, சென்னை வறண்ட காலங்களில் குடிநீராகவும் போயிருக்கிறது. ஒரு பக்கம் சுற்று வட்டாரத்தில் கிணறுகளின் மட்டம் இறங்கிவிட்டது என்று விவசாயிகள் கோபப்படுகிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்க வேலைக்காக, நின்ற நெற்பயிருக்குள் இயந்திரம் இறங்கியதை ஊரே பார்த்தது. இன்னொரு பக்கம், பம்ப் நிற்கும் அன்று அந்த ஏரிக்கு என்ன பதில்? கரிக்கு மாற்று தேடும்போது தண்ணீருக்கும், டவுன்ஷிப்பின் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும், ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளத்துக்கும் மாற்று தேட வேண்டும். ராட்கிளிஃபில் கடைசியில் இருநூறு பேருக்கும் குறைவாகத்தான் வேலை பார்த்தார்கள், அவர்களுக்கும் கரி முடியப்போகிறது என்று அரசு 2015லேயே சொல்லிவிட்டது. ஒன்பது வருட நோட்டீஸ். நெய்வேலியில் யாருக்கும் அப்படி ஒரு தேதி சொல்லப்படவில்லை.

மூடிய நிலையத்தில் விலை மதிப்புள்ள பொருள் எது என்று கேட்டால் பலர் நிலம் என்பார்கள், காயலான் கடைக்காரர் இரும்பு என்பார். நான் ஸ்விட்ச்யார்டு என்பேன், நிலையத்தை கிரிட்டோடு இணைக்கும் இடம். நூற்றுக்கணக்கான மெகாவாட்டைக் கொண்டுபோகும் லைன்கள் அங்கே ஏற்கெனவே வந்து நிற்கின்றன. புதிய லைனுக்கு வழி வாங்குவதுபோலத் தலைவலி மின்துறையில் வேறு இல்லை. கோபுரம் ஒன்றுக்கு ஒரு வழக்கு வரும். இங்கிலாந்தில் ஃபெர்ரிபிரிட்ஜ் என்ற மூடிய கரி நிலைய இடத்தில் 150 மெகாவாட் பேட்டரிக்கு வேலை எடுத்தார்கள், அதே லைன் வசதிக்காக. சென்னை பேசின் பிரிட்ஜில்கூட பழைய கரி நிலையம் போன இடத்தில் 1996இல் 120 மெகாவாட் காஸ் டர்பைன் வந்தது. எண்ணூரின் பழைய இடத்தில் ஒரு பெரிய பேட்டரியும் சும்மா சுற்றும் ஜெனரேட்டர் ஒன்றும் வைத்தால், நகரத்தின் வாசலிலேயே சாயங்கால மின்சாரம் கிடைக்கும், சாம்பலும் இருக்காது. அங்கே மறுபடியும் கரி செட் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

கூரை சோலார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போடுங்கள், உங்களுக்கு லாபம்தான். ஆனால் அது தருவது மதிய மின்சாரம், கிரிட்டிடம் ஏற்கெனவே வழிகிற சரக்கு. கூடவே தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், இஸ்திரி, கிரைண்டர் எல்லாவற்றையும் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் முடித்துக்கொண்டால் அந்தச் சரக்கு அங்கேயே செலவாகும், மாலைச் சுமையும் குறையும். வீட்டு இணைப்புக்கு நேரத்தைப் பொறுத்த கட்டணம் இங்கே இன்னும் வராததால் இதற்காக பில்லில் தள்ளுபடி எதிர்பார்க்காதீர்கள். என் வீட்டில் மோட்டார் இப்போது பன்னிரண்டு மணிக்குத்தான் ஓடுகிறது. காலையில் தொட்டி காலியானால் வீட்டம்மாவிடம் திட்டு வாங்குவது என் பொறுப்பு.